இடது பக்கத்தில் பெடல் கிடையாது

காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்த வக்கீல் ஆராவமுதன், பழக்கதோஷத்தில் "அழுத்து" என்று சொல்லிவிட்டார். மேலே காருக்குள் யாரும் இல்லை. ஆனாலும் ஒரு கால் அழுத்தும் சத்தம் கேட்டது.

அது போன ஞாயிற்றுக்கிழமை. அன்றிலிருந்து அவர் செங்கல்பட்டு கோர்ட்டுப் பக்கம் போகவில்லை.

கட்சிக்காரன் கொண்டுவரும் வாழைத்தாரில் ஒரு சீப்பைக்கூட வேண்டாமென்று சொல்லாத மனுஷர், காரை மட்டும் எந்த மெக்கானிக்கும் தொட விடமாட்டார். "நம்ம கையால முடியாததா?" என்பார். அந்தக் கையைப் பற்றித் தெருவில் இப்போது யாரும் அவர் முகத்துக்கு நேரே பேசுவதில்லை. முதுகுக்குப் பின்னால் பேசுவதோடு சரி.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை அழுத்த வேண்டும். மற்றவர் அடியில் படுத்துச் சின்னத் திருகைத் திறந்து, குமிழியோடு எண்ணெய் பீச்சியதும் மூடிவிட்டு, "விடு" என்பார். எட்டு வருஷமாக மேலே உட்கார்ந்தவள் அவர் மனைவி சௌந்தரவல்லி. அவள் காலை வைத்தால் மெட்டி பெடல் இரும்பில் டிக்கென்று படும். "ஆச்சுன்னா" என்பாள்.

அவள் போய் நாற்பத்தெட்டு நாள் ஆகிறது.

அன்று காலை பார்த்தபோது, சக்கரத்துக்குள் பிரேக் சிலிண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டின் துளையில் மரை தேய்ந்துபோயிருந்தது. எவ்வளவு முடுக்கினாலும் வெறுமனே சுற்றியது. "கடையில குடுத்துடுங்கோளேன்" என்றாள் அவள். "ஒரு மரைக்கா?" என்று சிரித்தார் அவர். போல்ட்டில் மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றி முடுக்கினார். இறுகியது. சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை கண்ணில் படும் வளைவுவரை இறுகித்தான் இருந்தது. அங்கே அவர் கால் பெடலோடு தரைவரை போயிற்று. எதிரே புளியமரம். பக்கத்து சீட்டில் இருந்தவள் கத்தவில்லை. இரண்டு காலையும் முன்னால் நீட்டி, பெடலே இல்லாத தரையை, தன்னால் வண்டியை நிறுத்திவிட முடியும் என்பதுபோல அழுத்திக்கொண்டிருந்தாள். மரம் அவள் பக்கம்தான் மோதியது.

ஒருவாரமாக அந்தச் சத்தத்துக்காகவே அவர் காரின் அடியில் கிடந்தார். பிரேக் எண்ணெய் முழங்கை வழியாக வழிந்தது. அதன் விளக்கெண்ணெய் வாடையில் அவள் வெள்ளிக்கிழமை விளக்குத் துடைக்கும் நினைவு வந்தது. "அழுத்து" என்றால் மேலே ஒரு முனகல், எண்ணெயில் குமிழிகள், பிறகு மூச்சுப்போல மெல்லிய "ஆச்சு". தேய்ந்த மரை காற்றை உள்ளே விட்டுக்கொண்டே இருந்தது. அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஒன்று மட்டும் இடித்தது. மெட்டிச் சத்தம் இல்லை. மெத்தென்று ரப்பரில் அமுங்கும் சத்தம். மெட்டியைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டோமே, அதனால்தான் என்று சமாதானம் செய்துகொண்டார்.

"மாமா, யாரோட பேசிண்டிருக்கேள்?" என்று அடுத்த வீட்டுக் கோமளம் மதில்மேல் தலையை வைத்துக் கேட்டாள்.

"போல்ட்டோட."

"அது பதில் சொல்றாப்பல இருக்கே!" என்று சிரித்தவள், ஏனோ சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள். அப்புறம் அந்தப் பக்கம் அவள் வடாம்கூடக் காயவைக்கவில்லை.

காரைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காமல், இந்தச் சத்தம் தொடங்குவதற்கு முன்பே, அரிசி மில் உலகநாதனுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார். நேற்று அவன் வந்தான்.

"இன்னா சாமி, வண்டி ஓடுமா? இல்ல, கோழி அடைக்கத்தான் குடுக்கிறீங்களா?" என்று சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "பிரேக்கு நல்லா கீதா? நாளைக்கு சாயந்தரம் அஞ்சு மணிக்கு மூணு புள்ளைங்களோட வர்றேன். மாபலிபுரம் பாக்கணும்னு உசுர வாங்குதுங்க."

ராத்திரி அவர் தூங்கவில்லை. சரியாகப் பழுது பார்த்தால் குமிழி நின்றுவிடும். குமிழி நின்றால் அவளை அழைக்கக் காரணமும் நின்றுவிடும். பார்க்காவிட்டால், மூன்று குழந்தைகள்.

இன்று மத்தியானம் துளையைப் பெரிதாக்கினார். மூர் மார்க்கெட்டில் வாங்கிய டாப்பை உள்ளே விட்டுப் புது மரை வெட்டினார். இரும்புத் தூள் கண்ணில் விழுந்தது. கண்ணீருக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. தடித்த புது போல்ட் பல் பதிந்து, கிறீச்சிட்டு இறுகியது. அன்றே இப்படிச் செய்திருந்தால் அரைமணி வேலை.

"வல்லி, கடைசியா ஒரு தரம். அழுத்து."

மெத்தென்று அமுங்கியது. எண்ணெய் வந்தது. நான்கு குமிழி. இரண்டு. ஒன்று. பிறகு கண்ணாடிபோலத் தெளிந்த எண்ணெய். திருகை மூடினார்.

"ஆயிடுத்து. விடு."

விடவில்லை.

"விடு வல்லி. போதும்."

மேலே தகரம் முனகியது. அமுங்கியது. இன்னும் அமுங்கியது.

முழங்கை தேய ஊர்ந்து வெளியே வந்தார். வெயில். தெருவில் ஒரு காக்கைகூட இல்லை. கயிற்றால் கட்டியிருந்த இடது கதவு தானாக ஆடிக்கொண்டிருந்தது. வலது பக்கக் கதவைத் திறந்தார்.

சீட்டில் யாரும் இல்லை. பிரேக் பெடல் மேலேயே நின்றது. பெடலுக்கும் தரைக்கும் நடுவே சிலந்தி வலை. நாற்பத்தெட்டு நாள் தூசி. ஒரு இழைகூட அறுபடவில்லை.

தெருமுனையில் குழந்தைகள் "காரு! காரு!" என்று கத்திக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது.

அவர் மெல்ல இடது பக்கம் பார்த்தார்.

ரப்பர் விரிப்பில் இரண்டு பாதக் குழிகள். பத்து விரல்கள். குதிகால் ஓரத்தில் மஞ்சள். அவர் பார்க்கப் பார்க்கக் குழிகள் ஆழமாயின. கீழே தகரம் வளைந்தது. காலி சீட்டின் முதுகு பின்னால் சாய்ந்து, நடுங்கிற்று.

"அழுத்திண்டுதான்னா இருக்கேன்" என்றாள் அவள், மூச்சு வாங்க. "நிக்க மாட்டேங்கறதே."