நான்காவது இலக்கம்

கருவி அனுப்பிய எட்டு இலக்கங்களில் நான்காவது, ஒன்று என்று இருந்தது. சோதனைக் கூண்டின் கதவு திறந்தது என்று அர்த்தம். மத்தியான வெயில் விழும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எங்கோ பூட்டிக் கிடக்கும் ஆய்வகத்தின் உயர் மின்னழுத்தக் கருவியை லேப்டாப் வழியே இயக்கிக்கொண்டிருந்தான் அவன்; மின்விசிறியின் கிறீச்சும் ஆறிப்போன காப்பியின் வாடையும் தவிர வீட்டில் எதுவும் இல்லை. கருவியிடம் மறுபடி கேட்டான். பூஜ்யம். கருவி தன் நிலையைக் குறித்துவைக்கும் பதிவேட்டின் குணம் அது. ஒருமுறை படித்தால் அழிந்துவிடும்.

மூன்று மாதத்துக்கு முன், கூண்டுக்குள் போன ஆபரேட்டர் அக்கா செத்ததும் அந்தக் குணத்தால்தான். கதவு திறந்ததை அவனுடைய புரோகிராம் படித்தது, கண்டுகொள்ளாமல் அழித்தது, மின்சாரத்தை ஏற்றியது. கதவு திறந்தால் மின்சாரத்தை வெட்டும் வயரை, வேலை பாதியில் நிற்கிறதென்று மேலாளர் எப்போதோ பிடுங்கிப் போட்டிருந்தார். ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்றது அறிக்கை. அவனும் கையெழுத்துப் போட்டான். இப்போது எதைத் திருத்தினாலும் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வயரையும் யாரும் தொடவில்லை, புரோகிராமையும் தொடவில்லை. பெரிய மனது பண்ணி, அக்காவின் புருஷனுக்கு அங்கேயே வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். வெட்கங்கெட்ட பிழைப்பு.

அந்தப் புருஷனுக்குத்தான் போன் போட்டான். “அண்ணே, கூண்டுப் பக்கம் யாராவது போனாங்களா?”

“யாருமில்லையே தம்பி. பூட்டினபடியே இருக்கு. சாவி என்கிட்டதான்.”

பத்து நிமிடச் சோதனையைத் தொடங்கினான். இரண்டாவது நிமிடத்தில் நான்காவது இலக்கம் ஒன்று. படித்தான், பூஜ்யம். மறுபடி ஒன்று. பூஜ்யம். ஒன்று. பூட்டிய கதவை யாரோ திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது.

“தம்பி... உள்ளேருந்து தட்டுறாங்க.” அவர் குரலுக்குப் பின்னால் கருவியின் ரீங்காரம்.

“திறந்துடாதீங்கண்ணே! கரண்ட் ஓடுது!”

“என்னைத்தான் கூப்பிடுறா, தம்பி. அவ குரல் எனக்குத் தெரியாதா?”

சாவிக்கொத்து குலுங்கியது.

‘நிறுத்து’ பொத்தானை அழுத்தினான். திரையில்: காத்திருக்கிறது. ஒரு வேலை முடிந்ததென்று கருவி சொன்ன பிறகே அடுத்த கட்டளை போகும். நிறுத்தச் சொல்லும் கட்டளையும் அதே வரிசையில்தான். அப்படி எழுதியவன் அவன். சோம்பேறித்தனம்.

அழுத்தினான். காத்திருக்கிறது. அழுத்தினான். காத்திருக்கிறது.

“நான்தாண்ணே அக்காவைக் கொன்னேன்! என் புரோகிராம்தான்! சத்தியமா சொல்றேன், திறக்காதீங்க!”

பூட்டு திறந்தது. கேட்டது அவனுக்கு.

ஒரு வெடிப்பு. ஏதோ கனமாக விழுந்தது. ரீங்காரம் நின்றது.

திரையில்: முடிந்தது, ஒன்று.

அதன்பிறகு, வரிசை தவறாமல், ‘நிறுத்து’ போனது.

தரையில் கிடந்த போனை யாரோ எடுத்தார்கள். மூச்சுச் சத்தம் இல்லை.

“இவரும் வந்துட்டாரு தம்பி,” என்றது அக்காவின் குரல், பக்கத்தில் இருப்பதுபோல. “அடுத்ததை அனுப்பு.”