கூட்டலில் மீந்தது

கூட்டினால் முன்னூற்றுப் பன்னிரண்டு வந்தது. ஆய்வக அறிக்கையில் முன்னூற்று இருபத்து மூன்று.

பதினொன்று உதைத்தது.

சுத்திகரிப்பு நிலையத்தின் மூன்றாம் தொட்டிக் கழிவுநீரைக் கணினியில் அவள் கூறு கூறாகப் பிரித்து வைத்திருந்தாள்: கரைந்த அழுக்கு, மிதக்கும் துகள், அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர். ஒவ்வொன்றையும் அதனதன் பங்கால் பெருக்கிக் கூட்டினால் மொத்த மாசு அளவு கிடைக்கும். மற்ற தொட்டிகளுக்குக் கச்சிதமாகக் கிடைத்தது. இதில் மட்டும் எந்தக் கூறிலும் அடங்காத எதுவோ இருந்தது.

ஐந்து மணிக்குள் அறிக்கை போயாக வேண்டும். அவசரத்துக்கு எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ‘இதர’ என்று புதிதாக ஒரு கூறைச் சேர்த்து, பதினொன்றை அதன் தலையில் கட்டினாள். அதன் வளர்ச்சி வேகம் என்ன என்று மென்பொருள் கேட்டது. நுண்ணுயிருக்குக் கொடுத்திருந்ததையே நகலெடுத்துப் போட்டாள்.

கணக்கு நேரானது. மனம்தான் ஆறவில்லை. வாக்கிடாக்கியை எடுத்தாள். தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவன் அவள் கணவன்.

“ஏங்க, மூணாவது தொட்டியில இன்னொரு தடவ தண்ணி எடுத்துட்டு வாங்களேன்.”

“காலையிலதான எடுத்தேன்? பொண்டாட்டி வேல வாங்குனா ஓவர்டைம் உண்டா?”

“முதல்ல கொண்டு வாங்க. அப்புறம் பேரம் பேசலாம்.”

“உத்தரவு, கணக்கு டீச்சர்!”

சிரித்தபடி திரையைப் பார்த்தாள். ‘இதர’ பத்தொன்பது ஆகியிருந்தது.

அவள் எந்த விசையையும் தொடவில்லை. தொட்டிகளுக்குள் காற்றைச் செலுத்தும் காற்றூதிகளின் ஓயாத இரைச்சல் சுவர் வழியாக மேசைக்கும், மேசையிலிருந்து அவள் முழங்கைக்கும் ஏறிக்கொண்டிருக்க, அடைத்த கண்ணாடி ஜன்னலையும் மீறி ஈர மண்ணும் பழைய இரும்பும் கலந்த புதுவாடை ஒன்று அறைக்குள் கசிய, ‘இதர’ நாற்பதானது, நுண்ணுயிர் பாதியானது. இது அதைத் தின்கிறது.

மென்பொருள் கோளாறு. வேறென்ன?

நீக்கும் பொத்தானை அழுத்தினாள். ‘மொத்த அளவின் பகுதி. நீக்க இயலாது.’ மறுபடி அழுத்தினாள். அதே வரி. கணினியின் மின்வயரைப் பிடுங்கினாள். திரை கருத்தது.

சுவரில் தனியாக மாட்டியிருந்த மூன்றாம் தொட்டியின் மாசு அளவுமானி, கணினிக்குச் சம்பந்தமே இல்லாதது, ஏறிக்கொண்டே இருந்தது. நானூறு. ஐந்நூறு.

வாக்கிடாக்கியோடு ஜன்னலுக்கு ஓடினாள்.

காற்றூதிகள் இரைந்தன. ஆனால் மூன்றாம் தொட்டியில் ஒரு குமிழிகூட இல்லை. நீர் தோல் போலக் கிடந்தது. அதன் மேலே, நடைபாலத்தின் நடுவில், காதடைப்பான் மாட்டிய அவள் கணவன் கயிற்றில் கட்டிய பாட்டிலை நிதானமாக இறக்கிக்கொண்டிருந்தான்.

“ஏங்க, வந்துடுங்க! தண்ணி வேண்டாம்! ஓடி வாங்க!”

அவன் இடுப்பு வாக்கிடாக்கியில் சிவப்பு விளக்கு மினுங்கியது. அவனுக்குக் கேட்கவில்லை. கண்ணாடியை அறைந்தாள். திறக்காத கண்ணாடி. படிகள் மூன்று மாடி. மறுபடி அறைந்தாள்.

பாட்டில் நீரைத் தொட்டது. மூழ்கியது.

கயிறு தளர்ந்தது.

அவன் இழுக்கவில்லை. இழுக்காமலே பாட்டில் மேலே வந்தது. நிரம்பி. மெதுவாக. அதைத் தாங்கிய விரல்கள் நீரிலிருந்து நீண்டன. அவற்றின் கீழே மணிக்கட்டுகள். அவற்றின் கீழே இன்னும் விரல்கள்.

அவன் குனிந்து, கை நீட்டினான்.