கடைசியாகப் போனவன்

மழைச் சத்தத்துக்கு நடுவே முள்கம்பி அதிரும் ஓசை கேட்டது. இழுத்துக் கட்டிய கம்பியின் மேல் ஓர் உடம்பு விழுந்தால் எழும் அந்த ஓசையைச் சண்முகம் எங்கிருந்தாலும் அறிவான். ஆனால் அந்தமானின் புரோத்ராபூரில் இந்த மரவீட்டைச் சுற்றி இருந்தது மூங்கில் வேலிதான்.

எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் இறந்த ஹவில்தார் ஜெகநாதனின் டிரங்குப் பெட்டியை அவர் மனைவி மரகதத்திடம் ஒப்படைக்க, விடுப்பில் கப்பலேறி வந்திருந்தான். ஈரக் கம்பளி வாடையோடு வெடிமருந்தும் காய்ந்த ரத்தமும் கலந்த நெடி பெட்டியிலிருந்து கசிந்து, அடுப்புப் புகையை மீறிக் கூடமெங்கும் பரவியது. அவள் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

"எப்படிப் போனாரு தம்பி?"

கப்பலில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததையே சொன்னான். எதிரி போட்டிருந்த முள்கம்பிச் சுருள் வழியை மறித்தது. துப்பாக்கிச் சூடு ஓயவில்லை. ஜெகநாதன் அண்ணன் கம்பிமேல் குப்புற விழுந்து, 'மிதிச்சுப் போங்கடா' என்று கத்தினார். ஜவான்கள் அவர் முதுகில் ஏறி ஓடினார்கள். எதிரியின் பங்கர் விழுந்தது. கடைசியாக மிதித்துப் போனவன் சண்முகம்.

"அப்பவே உசுரு போயிருச்சு அண்ணி. வலியே தெரிஞ்சிருக்காது."

மரகதம் டீ தம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"விடியற வரைக்கும் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாராமே?"

அன்று விடியும்வரை அவன் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தான். அவனோடு அந்தக் குரலைக் கேட்ட இருவரும் மறுநாளே செத்துவிட்டார்கள்.

"யாரு சொன்னா?"

"அவருதான்."

கம்பி மீண்டும் அதிர்ந்தது. படியருகில்.

சண்முகம் எழுந்தான். "ஜஹாஜுக்கு நேரமாச்சு அண்ணி. துறைமுகத்துக்குப் போகணும்."

"பாரிஷ் விடலையே, நனைஞ்சிருவியே."

கதவைத் திறந்தான்.

வாசலில் ஒரு முதுகு.

குப்புறக் கிடந்தது. கிழிந்த பச்சைச் சட்டை. பூட்ஸ் தடங்கள். தோளில் இறங்கிய முட்கள். ஏறி இறங்கும் மூச்சு.

அதற்கப்பால் இன்னொன்று. முற்றத்தில். வேலி வரை. சாலை வரை. தரையே தெரியவில்லை. எல்லாம் ஒரே ஆள்.

பின்னாலிருந்து மரகதம் குடையை நீட்டினாள்.

"மிதிச்சுட்டுப் போ தம்பி. உனக்குப் பழக்கம்தானே."

அவள் கை அவனைத் தள்ளியது. கால் பதிந்தது. இளஞ்சூடு. அடியில் ஒரு விலா முறிந்தது.

கதவு தாழிடப்பட்டது.

"சண்முகம்," என்றது முதுகு.

முற்றம் முழுக்க, முட்களில் சிக்கிய முகங்கள், தோலைக் கிழித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திரும்பின.