பெயர் இல்லாத பயனர்

குறை என்றால் மலர்க்கொடிக்குப் பயம் கிடையாது. குறைகளைப் பற்றி எழுதித்தான் அவள் சம்பளமே வாங்கினாள். சிதம்பரம் கீழ வீதியில் ஒரு துணிக்கடையின் மாடியில், எழிலனும் அவன் கூட்டாளிகளும் பள்ளிக்கூடங்களுக்கும் சின்னக் கடைகளுக்குமென்று கம்ப்யூட்டருக்கு ஓர் இயங்குதளம் செய்துகொண்டிருந்தார்கள். 'தில்லை' என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு பதிப்பு வெளிவரும்போதும் அதில் என்ன புதிது, எது இன்னும் சரியாக ஓடாது, ஓடாவிட்டால் என்ன செய்துகொள்ளலாம் என்று தமிழில் எழுதிச் சேர்ப்பது அவள் வேலை. 'தெரிந்த குறைகள்' என்ற அந்தப் பக்கத்தை இதுவரை யாரும் பாராட்டியதில்லை. பிரிண்டர் ஓடாத எரிச்சலில் படிக்கிறவன் எழுதினவளை வாழ்த்தவா போகிறான்?

அதனால்தான், இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷக் கார்த்திகை மழை ஜன்னல் கம்பியில் வழிந்துகொண்டிருந்த அந்தப் பிற்பகலில், மெயில் பெட்டியில் வந்து கிடந்த நன்றிகள் அவளுக்கு உறுத்தின. நெல்லிக்குப்பத்திலிருந்து ஒன்று. பண்ருட்டியிலிருந்து ஒன்று. புவனகிரியிலிருந்து ஒன்று. ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள், சொல்லி வைத்ததுபோல் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: 'நீங்கள் சொன்னபடி பேர் வைத்தோம். வந்துவிட்டார். மிக்க நன்றி.'

மறைந்துவிட்டது என்றல்லவா எழுத வேண்டும், என்று நினைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். தில்லையைத் திறந்ததும் அந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் தெரியும். கட்டத்துக்குள் படம், கீழே பெயர். புதுப் பதிப்பை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்தவர்களில் சிலருக்கு மட்டும் ஒரு கட்டம் கூடுதலாக வந்தது. பெயர் இருக்காது. கேமரா மாட்டிய கம்ப்யூட்டராக இருந்தால் கட்டத்துக்குள் அந்த அறையே தெரியும். அறையின் கோடியில், அலமாரி ஓரத்திலோ கதவிடுக்கிலோ, சாம்பல் நிறத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு ஏதோ நிற்கும். கேமராக் கோளாறு என்றான் எழிலன். ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் அது ஒருமுறைகூட வரவில்லை. வராததை எப்படிச் சரிசெய்வது? பெயர் இல்லாததால் அழிக்கவும் முடியவில்லை. அதனால் அது தெரிந்த குறைகள் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பக்கத்துக்கு எழிலன் ஒரு சட்டம் வைத்திருந்தான். மாற்று வழி சொல்லாமல் ஒரு குறையும் வெளியே போகக் கூடாது. வெறுமனே குறையை மட்டும் எழுதினால் படிக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். அன்றைக்கு சிடி அடிக்கக் கொடுக்க வேண்டிய நாள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். மலர்க்கொடி யோசித்தாள். பெயர் இல்லாததுதானே தொந்தரவு? 'அந்தக் கட்டத்துக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமிக்கவும். அதன்பின் தோன்றாது' என்று எழுதிவிட்டாள். செய்து பார்க்கவில்லை. செய்து பார்க்க அவளிடம் அந்தக் கட்டம் இல்லை. ஆனாலும் அது தப்புதான், அவளுக்கே தெரியும்.

கரண்ட் போய்விட்டது, கீழே துணிக்கடையில் ஜெனரேட்டர் போட்டார்கள். மண்ணெண்ணெய் நாற்றமும் நனைந்த துணியின் வாடையும் படியேறி வந்தன. எழிலன் டீ குடிக்கப் போயிருந்தான். அப்போதுதான் கடலூர் முதுநகர் தேவசகாயம் போன் செய்தார். ரயில்வே ஜங்ஷன் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர். எதையும் சத்தம் போட்டுப் பேசுகிற மனிதர். அன்றைக்குக் கிசுகிசுத்தார்.

"மேடம், நீங்க எழுதினாப்பலயே அதுக்குப் பேரு வெச்சேன். சட்டுனு என் தம்பி பேருதான் வாயில வந்திச்சி. ஞானசேகரன்னு."

"சரிங்க. போயிடுச்சா?"

"ஸ்க்ரீன்லேர்ந்து போயிடுச்சி. தம்பி வீட்டுக்கு வந்துட்டான்."

"நல்லதுதானங்க சார்."

"அவன் துபாய்ல இருக்கான் மேடம்." மூச்சு வாங்கினார். "அங்கேர்ந்து காலையில போன் பண்ணி அழுவுறான். எங்கம்மா எடுத்து, யாருப்பா நீ, ராங் நம்பர்னு வெச்சிட்டாங்க. இங்க கூடத்துல ஒருத்தன் உக்காந்து சோறு திங்கிறான். அவன்தான் ஞானசேகரன்னு எனக்கும் தோணுது. போன்ல அழுதவன் குரலு எனக்கு மறந்துகிட்டே வருது. முழுசா மறக்கறதுக்குள்ள உங்ககிட்ட சொல்லிடணும்னுதான்..."

பின்னால் யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "ஒண்ணுமில்ல மேடம்," என்றார் தேவசகாயம், அவருடைய வழக்கமான பெரிய குரலில். "தம்பி வந்திருக்கான். அதான் சொல்லலாம்னு. நன்றி மேடம்."

மலர்க்கொடி போனை வைத்தாள். பைத்தியக்காரத்தனம் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் அதற்குள் பக்கத்தைத் திறந்து, மாற்று வழியை அழித்து, 'பெயர் வைக்காதீர்கள்' என்று எழுதிச் சேமித்திருந்தது. ஆனால் இணையத்தில் மாற்றினால் சிடியில் மாறுமா? எத்தனை வீட்டில் அந்த சிடி ஓடிக்கொண்டிருக்கிறதோ! அவள் வீட்டிலும்தான். அவள் கணவன் கதிரவன், கம்மாபுரம் பக்கம் சுரங்கத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன், முந்தின நாள்தான் அதை ஆசையாகப் போட்டுக் கொடுத்திருந்தான்.

கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்குப் போன் அடித்தாள். மகள் அனுப்பிரியா எடுத்தாள். பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, எதிர்வீட்டில் சாவி வாங்கித் திறந்து, அம்மா வரும்வரை தனியாக இருந்து பழகிய பிள்ளை.

"அனு, கம்ப்யூட்டரைத் தொடாத, என்ன?"

"அதுல புதுசா ஒருத்தங்க இருந்தாங்கம்மா. பேரே இல்ல. நீ எழுதினதைப் படிச்சிட்டு நானே பேரு வெச்சிட்டேன்."

"என்னடி பேரு வெச்ச?"

"சொல்ல மாட்டேன். நீ வந்து பாரு." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். மறுபடி அடித்தபோது மணி போய்க்கொண்டே இருந்தது.

கடலூர் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர்களையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே ஈரச்சேலை வாடை, யாரோ மடியில் வைத்திருந்த கருவாட்டுக் கூடை, டிரைவர் தலைக்கு மேல் ஊதுபத்தி. முட்லூர் தாண்டியதும் இருட்டிக்கொண்டு வந்தது. அனு தன் பெயரையே வைத்திருந்தால்? கதிரவன் பெயரை வைத்திருந்தால்? அவனுக்குப் போன் போட்டாள்; சுரங்கத்துக்குள் சிக்னல் கிடைக்காது, தெரிந்ததுதான். எழிலனையாவது எச்சரிக்கலாம் என்று கூப்பிட்டாள்.

"எழிலன், நான் அக்கா பேசுறேன். அந்த சிடியை யாருக்கும் குடுக்காத."

"யாருங்க?"

"மலர்க்கொடிடா."

"மலர்க்கொடியக்கா இப்பதான் வீட்டுலேர்ந்து பேசுனாங்க. பொண்ணுக்குத் தலை வாரிகிட்டு இருக்காங்களாம். நீங்க யாருங்க?"

போனைக் காதிலேயே வைத்திருந்தாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் கதிரவனுக்கு 'அப்பா' என்று ஒரு கட்டம் உண்டு. அனுவுக்கு ஒரு கட்டம் உண்டு. ஆபீஸ் லேப்டாப்பே கதி என்று கிடந்ததால் அவளுக்கு மட்டும் அங்கே கட்டம் இல்லை. சாயங்காலமெல்லாம் தனியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளை வேறு என்ன பெயர் வைக்கும்? பயத்தைவிடத் துக்கம்தான் பெரிதாக இருந்தது.

ஆலப்பாக்கம் வந்தது. முதுநகர் வந்தது. கண்டக்டர் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார். டிக்கெட் கேட்கவே இல்லை. பக்கத்து இருக்கை காலி என்று நினைத்தோ என்னவோ ஓர் அம்மாள் கூடையை அவள் மடிமேல் வைத்தாள், வைத்துவிட்டுத் திடுக்கிட்டாள். "ஐயையோ, ஆளு இருக்கா!" என்று எடுத்துக்கொண்டாள்.

தெருவில் கரண்ட் இல்லை. மழை. முழங்கால்வரை சேலை நனைந்து ஒட்டியது. வாசல் கிரில் கேட் பூட்டியிருந்தது. உள்கதவு திறந்திருந்தது. கூடத்தில் மெழுகுவர்த்தி. யூபிஎஸ் விட்டு விட்டுக் கத்தியது. கம்ப்யூட்டர் மேல், வாசலைப் பார்த்தபடி கேமரா. அதற்கு நேராக, அவளுக்கு முதுகு காட்டி அனு. அனுவுக்குப் பின்னால் ஒருத்தி.

அவளுடைய பழைய நைட்டி. அவளுடைய கொண்டை. சீப்பு மெதுவாக இறங்கியது. ஏறியது. இறங்கியது.

"அனு!"

பிள்ளை திரும்பினாள். எழுந்து கிரில் வரைக்கும் வந்தாள். பாதி பின்னிய சடை. அண்ணாந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் பயம்கூட இல்லை. தெரியாதவர்களைப் பார்க்கிற பார்வை.

"யாரு வேணும்?"

"நான்தாண்டி. நான்..."

சொல்ல வேண்டிய சொல் வாயில் இல்லை. தேடினாள். மலர் என்று ஏதோ. கொடி என்று ஏதோ. யாருடையது அது? அதைவிடச் சின்னச் சொல் ஒன்று. பிள்ளை தினம் கூப்பிடுகிற சொல். அதுவும் இல்லை.

"அம்மா, வெளிய யாரோ நிக்கிறாங்க," என்று அனு உள்ளே பார்த்துச் சொன்னாள். "பேரு கேட்டா சொல்ல மாட்டேங்குறாங்க. பாவம்மா. நாம ஒரு பேரு வெக்கலாமா?"

"கூடாது," என்றது உள்ளிருந்து அவளுடைய குரல். "வெச்சா வந்துடும். நீ வா, சடையை முடிக்கணும்."

பிள்ளை போனாள். இவள் கிரிலைப் பிடித்தாள். கம்பியின் குளிர்ச்சி கையில் ஏறவில்லை. மழை மேலே விழுந்தது, நனைவது தெரியவில்லை. கம்ப்யூட்டர் திரையில் கட்டங்கள். அப்பா. அனு. அதற்கடுத்து, பெயர் இல்லாமல் ஒன்று. அதற்குள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கூடம். கூடத்துக்கு அப்பால் வாசல். வாசல் கம்பிக்குப் பின்னால், சாம்பல் நிறத்தில், ஓர் ஆள் உயரம்.

கையைத் தூக்கினாள்.

"அம்மா," என்றாள் அனு, திரையைப் பார்த்துக்கொண்டே. "அது கையைத் தூக்குது."

மலர்க்கொடி திரும்பிப் பார்க்கவில்லை. சடையைப் பின்னி முடித்தாள். ரிப்பன் கட்டினாள். பிள்ளையின் உச்சியில் முத்தம் கொடுத்துவிட்டு, எழுந்து வந்து, உள்கதவைச் சாத்தினாள்.