நோராவின் வெள்ளைப் பூச்சு

"ஐயோ...! முகம்! முகம்!"

பட்டப்பகலில், உச்சி வெயிலில் அலறினாள் ஜகதாம்பாள்.

1934. பெங்களூர் கன்டோன்மென்ட். அந்தத் தெருவில் ஜகதாம்பாள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மைசூர் சர்க்கார் உத்தியோகஸ்தரின் மனைவி. மதிலுக்கு மேலே காதை மட்டும்தான் உயர்த்துவாள்!

பக்கத்து வீட்டு கிளாரன்ஸ், சாப்பிட்ட கையோடு ஓடி வந்தான்.

"என்ன மாமி?"

"அதோ... உங்காத்து மதில் ஓரமா... நோரா!"

கிளாரன்ஸின் விரலிலிருந்து சோற்றுப் பருக்கை உதிர்ந்தது.

"மாமி... நோரா செத்து ஆறு மாசமாச்சு."

"எனக்குத் தெரியாதா? சவப்பெட்டியில வெச்சதை இந்தக் கண்ணாலதானே பாத்தேன்! அதே குடை... அதே வெள்ளை மூஞ்சி... கண்ணு ரெண்டும் மட்டும் கறுப்பா... என்னையே பாத்துண்டு நின்னா!"

கிளாரன்ஸ் திரும்பிப் பார்த்தான்.

மதில் ஓரம் யாருமில்லை. வெயில் மட்டும் நின்றது.

அந்த வெள்ளை முகத்தைத் தெருவே அறியும். நோரா, குழந்தைகள் பள்ளிக்கூடத்து டீச்சர். நமக்கெல்லாம் பெங்களூர் வெயில் ஒரு வெயிலா? அவளுக்கு அதுவே நெருப்பு. குடையில்லாமல் மாதா கோவில்வரை நடந்தால் போதும்... கன்னம் சிவக்கும், தடிக்கும், கொப்புளம் கிளம்பும். வாசனை சோப்பு, பவுடர், கடை க்ரீம் எதுவும் அந்தத் தோலுக்கு ஆகாது.

கிளாரன்ஸ் மருந்துக்கடைக்காரன். துத்தநாகப் பவுடரை வாசலினில் குழைத்து, சொட்டு வாசனைகூடச் சேர்க்காமல், வட்டத் தகர டப்பாவில் அடைத்துக் கொடுத்தான். புது டப்பா வந்தால் நோரா முதலில் முழங்கையின் உட்பக்கம் ஒரு பொட்டு தடவுவாள். ஒரு நாள் பொறுப்பாள். அங்கே சிவக்கவில்லை என்றால்தான் முகத்துக்கு. அப்புறம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி குடை பிடித்துக்கொண்டு போவாள்.

பெண்டாட்டிக்காகக் கல்வத்தில் மருந்து அரைக்கும் புருஷன்! தெருப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள்.

கடைசியாக அரைத்த டப்பாவில் என்ன சேர்த்தான் என்று தெரிந்திருந்தால், மூச்சே விட்டிருக்கமாட்டார்கள்!

பாதரச உப்பு.

வெள்ளையோடு வெள்ளை. கண்ணுக்குத் தெரியாது. வெடித்த தோல் வழியாக உள்ளே இறங்கும்.

"அதே மருந்துதானே நோரா? கையில தடவிப் பாக்கணுமா? என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றான். அன்றைக்கு மட்டும் அவள் முழங்கையை மறந்தாள்.

ஈறில் ரத்தம். கையில் நடுக்கம். டாக்டர் 'காய்ச்சல்' என்று எழுதினார். அடக்கம் முடிந்தது. டப்பாவை மட்டும் காணவில்லை. கிளாரன்ஸ் வீட்டையே புரட்டினான்... இல்லை.

சரி, தொலைந்தது என்று இருந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அவனுக்கும் பெர்னதெத்துக்கும் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கப்போகிறார்கள். லிங்கராஜபுரத்து பெர்னதெத். வெயிலில் நாள் முழுக்க நின்றாலும் கறுக்காத ஜாதி!

இந்த நேரத்தில்தானா நோரா வந்து நிற்கவேண்டும்...?

மறுநாள் அவனே பார்த்தான்.

கடைக்கு எதிரே, வேப்பமரத்தடி. குடை. குடைக்குக் கீழே அசையாத வெள்ளை முகம். ஒரு ஜட்கா வண்டி குறுக்கே போனது.

ஜட்கா நகர்ந்தபோது மரம்தான் இருந்தது.

அன்றைக்கு அவன் கட்டிய பொட்டலமெல்லாம் ஓட்டை!

சாயங்காலம் வாசலில் ஒரு குரல். "மாமா..."

துள்ளி விழுந்தான்.

அல்போன்சா. நோராவின் தங்கை. கோலார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"என்ன மாமா, பேயைப் பாத்தாப்ல முழிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. எப்ப வந்தே?"

"இப்பதான் ரயிலைவிட்டு இறங்கினேன். வெள்ளிக்கிழமை கல்லறைத் திருநாள் வருதே. அக்கா கல்லறையில சிலுவை சாஞ்சிருக்காம். மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு சாயங்காலம் தோண்டி நிமித்தி வெப்பான்."

"தோண்டணுமா? சுண்ணாம்பு அடிச்சா பத்தாதா?"

"அடியில டப்பா வேற இருக்கே."

"எ... எந்த டப்பா?"

"அக்காவோட வெயில் மருந்து டப்பா. முப்பதாம் நாள் பூசைக்கு வந்தப்ப சிலுவைக்கு அடியில நான்தான் புதைச்சேன். சிரிக்காதீங்க மாமா! கடைசித் தீர்ப்பு நாள்ல எல்லாரும் கல்லறையிலேருந்து எழுந்து வர்றப்ப வெயில் அடிச்சா? அக்கா தோல் தாங்குமா?"

கிளாரன்ஸ் சிரிக்கவில்லை.

"இப்ப அது எதுக்கு உனக்கு?"

"எனக்கும் அக்கா தோல்தான். வெயில் பட்டா தடிச்சிடுது. ஆஸ்பத்திரி கெமிஸ்ட் அதைப் பாத்து, அதே மாதிரி செஞ்சு தர்றேன்னிருக்காரு."

"நானே அரைச்சுத் தரமாட்டேனா?"

"உங்களுக்கு ஏன் மாமா சிரமம்? கல்யாண வேலை தலைக்குமேல கிடக்கே!"

அவள் போய்விட்டாள். கிளாரன்ஸ் வாசற்படியிலேயே உட்கார்ந்தான்.

கெமிஸ்ட் டப்பாவைத் திறந்தால்... கழுத்து! அவனுடைய கழுத்து!

மறுநாள். கல்லறைத் தோட்டம். உச்சி வெயில்.

திருநாள் வாரம் என்றால் அங்கே ஊரே களை பிடுங்கும், சுண்ணாம்பு அடிக்கும். மண்வெட்டியோடு போகிறவனை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இப்போது எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தூரத்தில் சுண்ணாம்புக்காரர்கள் இரண்டு பேர் மட்டும், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தார்கள்.

கிளாரன்ஸ் வெட்டினான்.

புதுச் சுண்ணாம்பில் கல்லறைகள் கண்ணைக் கூசவைத்தன. காற்று இல்லை. ஒரு காக்காய்கூட இல்லை.

"அருள் நிறைந்த மரியே..." என்று ஆரம்பித்தான். அதற்குமேல் வரவில்லை.

டங்...!

தகரம்!

முழங்காலிட்டு மண்ணைப் பறித்தான். வட்ட டப்பா. கையில் எடுத்தான். தப்பித்தேன்!

அப்போது அவன்மேல் ஒரு நிழல் விழுந்தது.

குடையின் நிழல்.

நிமிர்ந்தான்.

வெள்ளை முகம்.

"நோ... நோரா..."

அது குனிந்தது. அவன் கையிலிருந்து டப்பாவை மெல்ல வாங்கியது. மூடியைத் திருகியது. இரண்டு விரலால் வழித்து எடுத்து... அவன் கன்னத்தை நோக்கி நீட்டியது.

"வெயில் கொளுத்துதே..." கிசுகிசுப்பு. "தடவிக்கோங்க..."

"வேணாம்!"

"உங்க கையால அரைச்சதுதானே...?"

விரல் நெருங்கியது.

"வேணாம் நோரா! அதுல பாதரசம் இருக்கு! தெரியாதா உனக்கு? அதனாலதானடி நீ செத்தே!"

கல்லறைத் தோட்டம் முழுவதும் அவன் குரல் எதிரொலித்தது.

தூரத்தில் கிடந்த சுண்ணாம்புக்காரர்கள் எழுந்தார்கள். ஒருவர் தலைத்துண்டை உதறினார்.

"நல்லாவே கேட்டுது சார். நான் இன்ஸ்பெக்டர் ஸ்ரீகண்டன்."

வெள்ளை முகம் முந்தானையால் தன்னைத் துடைத்தது. கன்னம், மூக்கு, நெற்றி... உள்ளேயிருந்து அல்போன்சா வந்தாள்.

"ஈறுல ரத்தம், கை நடுக்கம்னு அக்கா கடுதாசி போட்டப்பவே சந்தேகம் மாமா. விஷம் ஏறினவங்களை வார்டுல எத்தனை பாத்திருக்கேன்! உங்க கல்யாணச் சேதி கேட்டு, ரெண்டு நாள் முன்னாடியே இங்க வந்துட்டேன். மதில் ஓரத்திலயும் மரத்தடியிலயும் நின்னது நான்தான்."

கிளாரன்ஸ் சுதாரித்துக்கொண்டான். மருந்துக்கடைக்காரன் மூளை!

"பயத்துல ஏதோ உளறினேன். நான் விஷம் வெச்சேன்னு இந்த டப்பாதானே சாட்சி? இதை மண்ணுல புதைச்சது இவதான். இவளே கலந்திருக்கலாமே இன்ஸ்பெக்டர்!"

ஸ்ரீகண்டன் அல்போன்சாவிடம் கை நீட்டினார். டப்பாவை வாங்கினார். தாராளமாக வழித்தார். தன் மூக்கிலும் கன்னத்திலும் அப்பிக்கொண்டார்.

கிளாரன்ஸின் வாய் பிளந்தது.

"ஐயோ... சார்...!"

"ஜில்லுனு இருக்கு. நேத்து சாயங்காலம் வேற கடையில வாங்கி அடைச்சு, ராத்திரி இங்க புதைச்சது."

"அப்ப... பழைய டப்பா?"

அல்போன்சாவின் கண் கலங்கியது. "நீங்க அரைச்சுக் குடுத்ததாச்சே... கடைசித் துளிவரைக்கும் சுரண்டித் தடவிட்டா மாமா. காலி டப்பாவையும் கழுவிக் கவுத்துட்டா. அடக்கத்தன்னிக்கு அதை நான்தான் எடுத்து வெச்சேன். எங்ககிட்ட ஒரு சாட்சியும் இல்ல."

"என்ன விஷம்னே எங்களுக்கு நிச்சயமாத் தெரியாம இருந்தது" என்றார் ஸ்ரீகண்டன். "சும்மா சந்தேகம்னா கல்லறையைத் திறக்க மாஜிஸ்திரேட் விடமாட்டாரு. இப்ப நீங்களே பேர் சொல்லிட்டீங்க. திறந்து தேடினா பாதரசம் கிடைக்கும்."

விலங்கு மாட்டப்பட்டது. கிளாரன்ஸ் மண்ணிலேயே சரிந்தான். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. முகம் வெயிலில் சிவந்து தடித்துப் போயிருந்தது.

வெள்ளை மூக்கோடு இன்ஸ்பெக்டர் குனிந்து, ரொம்பக் கரிசனமாகச் சொன்னார்:

"எழுந்திரிங்க சார்... நாங்க கூட்டிட்டுப் போற இடத்துல வெயில் எட்டிக்கூடப் பாக்காது. தோலுக்கு ரொம்ப நல்லது!"