இரண்டாம் முறை போகாத வீடுகள்

அன்று காலை தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் பால் பாக்கெட் கிடந்தது, கள ஆய்வாளர் வீட்டைத் தவிர. பால்காரனுக்கும் மறதி வரும்தானே என்று அவர் சும்மா இருந்துவிட்டார். அலுவலகத்தில் மேலாளர் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வந்து, இவரைத் தாண்டி அடுத்த நாற்காலிக்குப் போனார். அதையும் பொறுத்துக்கொண்டார். சாயங்காலம் பள்ளிவிட்டு வந்த மகள்தான், அந்த வாண்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் விம்மியது.

"மிஸ் என் பேரை மட்டும் கூப்பிடலப்பா. கையைத் தூக்கிட்டே இருந்தேன்."

"மறந்திருப்பாங்கடா கண்ணு."

"அந்த இடம் காலியாத்தானே இருக்குன்னு, எல்லார் பையையும் அங்க வைக்கச் சொன்னாங்க. என் மடியில வெச்சாங்கப்பா."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு அது நான்கு மாதமாகக் குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

அணை கட்டினால் எந்த மரம், எந்த உயிர், எந்த வீடு போகும் என்று முன்கூட்டியே பார்த்து எழுதுவது அவர் தொழில். ஒவ்வொரு கதவையும் தட்ட வேண்டும். பெரியவர் யாரும் இல்லையென்றால் படிவத்தை நிரப்பக் கூடாது, இன்னொரு நாள் மறுபடி போக வேண்டும். பள்ளத்தாக்கின் அடியில் பதினொரு வீடுகள். இவர் போனது உச்சி வெயிலில், எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம். ஒரே ஒரு வாசலில் ஒரு சிறுமி பாயை விரித்து, "அம்மா பொழுது சாயறப்ப வந்துடுவாங்க, உக்காருங்க" என்றாள். ஜீப்பில் டிரைவர் ஹாரன் அடித்தான். மறுபடி வந்தால் போகிறது என்று ஏறிவிட்டார். வரவில்லை. அறிக்கை கேட்டு மேலிடம் நச்சரித்தபோது, "குடியிருப்பு இல்லை" என்று ஒரே வரியில் முடித்தார். ஆளில்லாத இடத்துக்கு யார் போய் எச்சரிக்கை சொல்வார்கள்? சொல்லாமலே மதகை அடைத்தார்கள். மழைக்காலம், ஒரே இரவில் பள்ளத்தாக்கு நிரம்பி, பதினொரு வீடும் ஆட்களோடு மூழ்கின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்களே, இவர் பதினொரு வீட்டையல்லவா மறைத்தார்! பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு எத்தனையோ இரவு விழித்துக் கிடந்தார். ஆனால் வாயைத் திறந்து ஒருவரிடமும் சொல்லவில்லை.

"என்னங்க, வீடெல்லாம் சேத்து வாடை அடிக்குதே?" என்றாள் சமையலறையிலிருந்து மனைவி.

அடித்தது. குளத்தடியைக் கிளறினால் எழும்புமே, அந்தப் பழைய, குளிர்ந்த, அழுகலான வாடை, சுவரிலிருந்தும் தலையணையிலிருந்தும் மகளின் ஈரமில்லாத தலைமுடியிலிருந்தும் மெல்ல மெல்லக் கசிந்து வந்தது.

கதவு தட்டப்பட்டது. மூன்று முறை. ஆய்வுக்கு வருபவர்கள் தட்டுவதுபோல.

திறந்தார். இரண்டு பேர். ஒருவன் கையில் படிவம். இன்னொருவன் கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பா.

"வீட்ல யாருங்க?"

"நாங்க இருக்கோம்! மூணு பேர் இருக்கோம்!"

அவர்கள் அவரை ஊடுருவி வீட்டுக்குள்ளே பார்த்தார்கள். உள்ளே வந்தார்கள். அலறிக்கொண்டு ஓடிவந்த மனைவியைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள், மேசையைச் சுற்றிப் போவதுபோல.

"ஒருத்தரும் இல்லப்பா. இன்னொரு நாள் வருவோமா?"

"யாரு அலையறது? இல்லைன்னே எழுதிடு."

"ஐயா, குழந்தையாவது இருக்குன்னு எழுதுங்கய்யா! தப்பு என்னோடது!"

பேனா நகர்ந்தது. ஒரே வரி.

டப்பாக்காரன் தூரிகையை நனைத்தான். தண்ணீர் எதுவரை ஏறும் என்று சுவரில் இழுக்கிற கோடு. ஆய்வாளருக்குத் தெரியும். எத்தனையோ சுவரில் இழுக்கச் சொன்னவர்.

அந்தச் சுவரோடு ஒட்டி நின்றாள் மகள்.

"தள்ளி வாடா! வா!"

அவள் அசையவில்லை. அவர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடிபடவில்லை.

"கோணாம இழு" என்றான் படிவக்காரன்.

தூரிகை சுவரில் வந்தது. மகளின் கன்னத்தில் ஏறியது. மூக்கின் குறுக்கே போனது. மறு கன்னத்தில் இறங்கி, மறுபடி சுவரில் தொடர்ந்தது.

கோடு எங்கேயும் கோணவில்லை.