பதினேழாம் நிரையில் ஒரு வெளிர்ப் பச்சைத் திட்டு

“ஐயோ... சுரண்டாதீங்க!”

ரோகினி கத்தியோடு திரும்பினாள். மழையால் அன்று பால்வெட்டு இல்லை. லிங்கித் தோட்டத்தில் தன் நிரையின் ரப்பர் மரங்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவளைத் தடுக்க ஒருவனா? தூறலில் நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள்... கெஞ்சின.

“மரத்துல சொறி பிடிச்சிருக்குலா. சுரண்டலன்னா பால் பிடிக்கிற மங்குல தூசி விழும்.”

“சொறி இல்லைங்க, லைக்கன். நான் சத்தியசீலன். யூனியில படிக்கிறேன், இதைத்தான் ஆராய்ச்சி பண்றேன்.”

நகமளவு வெளிர்ப் பச்சைத் திட்டு. அதற்குள் இரண்டு உயிர்களாம்! பூஞ்சை வீடு கட்டி ஈரம் காக்குமாம். பாசி வெயிலில் சமைத்து அதற்கும் ஊட்டுமாம். சொல்லும்போது அவன் கண்கள் மின்னின... அன்று முழுக்க ரோகினிக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது.

அதன்பின் சனிக்கிழமைதோறும் திட்டை அளக்க ஸ்கேலோடு வந்தான். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முருகையா ஏசியும் அந்த ஒரு மரத்தை அவள் சுரண்டவில்லை.

எல்லாம் சரி, யார் அந்த மதுமிதா? எப்போது பார்த்தாலும் அவளோடு போன். “நானும் மதுமிதாவும் சேர்ந்துதான் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறோம்”, “மதுமிதா இல்லன்னா நான் காலி”... அடேயப்பா! அந்தத் திட்டு மாதிரியே ரெண்டு பேரும்... ஒன்று வீடு, ஒன்று சோறு. அப்போ நான் யாராம்? ரோகினிக்கு வயிறு எரிந்தது.

பத்தாவது சனிக்கிழமை, அவன் வருமுன்பே கத்தியை எடுத்தாள். சரக்... சரக்... திட்டு உதிர்ந்தது. உதிர்ந்த பிறகுதான் குனிந்து துகள்களைப் பொறுக்கப் பார்த்தாள்.

அவன் வந்தான். வெறும் பட்டையைப் பார்த்தான்.

“நான்தான்! வேணும்னேதான் சுரண்டினேன். போய் உங்க மதுமிதாகிட்ட சொல்லுங்க!” கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“அவ ஏற்கனவே ஏசிட்டா. ‘வருசத்துக்கே ரெண்டு மில்லிமீட்டர்தான் வளரும், வாராவாரம் போய் என்னத்தடா அளக்கிற?’ன்னு.”

“...அப்போ?”

“ஆராய்ச்சிக்கு வேற நாப்பது மரம் இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போனா போதும். இந்த மரம்...” தலையைச் சொறிந்தான். “லிஸ்டுலயே இல்ல. உங்ககிட்ட பேச ஒரு காரணம் வேணுமே. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு ரோகினி. இன்னைக்காவது சொல்லிட்டு வாடான்னு விரட்டினதே மதுமிதாதான்.”

பொறாமையெல்லாம் வெட்கமாக மாறி அவள் காதுவரை சிவந்தது. அடுத்த மரத்தைக் காட்டினாள். அதிலும் ஒரு குட்டித் திட்டு...

“அதைச் சுரண்ட மாட்டேன். உள்ளங்கை அளவு ஆகுறவரைக்கும் வந்து அளந்துட்டுப் போங்க.”

“அதுக்கு நாப்பது வருசம் ஆகுமே!”

“ஆகட்டும்... எனக்கும் அவசரமில்லலா.”